பேருந்தில் நிறைவேறிய தீர்மானம்

இதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிடமே உடைந்து போகட்டும். கண்ணாடி இல்லாமல் என்னால் வாசற்கதவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இது லேசான சத்தியம் அல்ல.

மனித அறிவு தொட்ட உச்சம் எது என்று கேட்டால் நிலவு, கணிப்பொறி என்றெல்லாம் சொல்வார்கள். பாவம், அவர்கள் எங்கள் துறைக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. அதன் இரண்டாம் மாடியில் விமானப் பணிப் பிரிவு. அறுபது வயது நிறைந்த விமானி 'முதியவர்', இனி விமானத்தைத் தொடக்கூடாது என்று அங்கே முத்திரை குத்துவார்கள். மூன்றாம் மாடியில் ஓய்வூதியப் பிரிவு. அறுபத்தைந்து நிறையாதவர் 'உழைக்கும் வயதினர்', அவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்று அங்கே முத்திரை குத்துவார்கள். நடுவில் பதினெட்டே படிகள். பதினெட்டுப் படி ஏறினால் கிழவனை வாலிபனாக்கும் வைத்தியம் வேறெங்கே உண்டு?

என் தங்கையின் கணவர் அந்தப் படிகளில் ஏறியவர். முப்பத்துநான்கு வருடம் விமானம் ஓட்டியதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கேப்டன்தான். அறுபதாம் பிறந்தநாள் அன்று காலையில் இரண்டாம் மாடியில் தொப்பியை ஒப்படைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு வந்தார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நான்.

"மச்சான், கீழ என்னைக் கிழவன்னு சொல்லிட்டாங்க."

"இங்க உங்களுக்கு வாலிபம் மாப்பிள்ளை. வாழ்த்துகள்."

"அஞ்சு வருஷம் எதைச் சாப்பிடறது?"

"அது நாலாவது மாடி. இன்னும் கட்டலை."

விமானிகளுக்கென்று தனி ஓய்வூதியத் திட்டம் வேண்டுமா என்று ஆராய உடனே எழுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நான் அதன் செயலாளர். குழு உட்கார்ந்த வேகத்தை இன்றும் மெச்சுகிறார்கள். எழுந்த வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாதங்கள் ஆழமானவை.

"மேல பறக்கறவனுக்குத் தனியாக் குடுத்தா, நாளைக்குக் கடல்ல முங்கறவன் வந்து நிப்பான்," என்றார் தலைவர்.

"சுரங்கத்துல இருக்கறவன்?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர்.

"அவன் ரொம்பக் கீழ. கத்தினாலும் இங்க வரைக்கும் சத்தம் வராது."

'சுரங்கம் குறித்து ஒருமித்த கருத்து' என்று எழுதிக்கொண்டேன். பிறகு தயங்கித் தயங்கி, "தனித் திட்டம் வேண்டாம்னா, ரெண்டு வயசையும் ஒண்ணாக்கிடலாமே," என்றேன்.

"ரெண்டு மாடியையும் ஒண்ணாக்கச் சொல்றீங்களா? கட்டடம் என்ன ஆகறது?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் எங்கள் ஊழியர் பேருந்துக்கு ஓட்டுநர் தேவைப்பட்டார். வயது வரம்பு அறுபத்தைந்து. கேப்டன் சேர்ந்தார். பக்கத்தில் துணை விமானி, எதிரில் மேகம் மட்டும் என்று இருக்கும் இடத்தில் ஓட்ட முடியாதவர், எதிரில் நான்கு லாரி வரும் சாலையில் தனியாளாக ஓட்டலாம் என்று சான்றிதழும் வந்தது.

"ஏன் அண்ணா, வானத்துல தெரியாத கண்ணு ரோட்டுல மட்டும் தெரியுமா?" என்று கேட்டாள் தங்கை.

"பஸ் மெதுவாப் போகும்மா."

"எதிர்ல வர்றவனும் மெதுவா வருவானா?"

அவள் எப்போதும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள முடியாத கேள்விகளாகவே கேட்பாள்.

விமானிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை மற்றவர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது காதில் விழுந்ததாகக் கணக்கு. கேப்டன் அதைப் பேருந்துக்கும் கொண்டுவந்தார். முதல் இருக்கையில் உட்காரும் தலைவர் திருப்பிச் சொல்லாமல் வண்டி நகராது. மூன்றே மாதத்தில் தலைவர் தூங்கிக்கொண்டே சொல்லத் தேறிவிட்டார்.

ஒரு காலை, குழுவினர் அனைவரும் வண்டியில் இருந்தோம். கேப்டன் கண்ணாடியில் தலைவரைப் பார்த்தார்.

"கதவு மூடியாச்சு."

"மூடியாச்சு."

"பிரேக் சரியா இருக்கு."

"சரியா இருக்கு."

"விமானிகளுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு."

"தனி ஓய்வூதியம் உண்டு," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். தலைவர் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாத மற்ற ஐவரும் "உண்டு" என்றார்கள். என் கடமையை நான் செய்தேன். 'காலை எட்டு மணி பத்து நிமிடம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'

அன்று கேப்டன் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார்.

அலுவலகம் போய்க் குறிப்பை வாசித்ததும் தலைவருக்கு முழுதாக விழிப்பு வந்துவிட்டது. பேருந்தில் சொன்னது கூட்டத்தில் சொன்னது ஆகுமா? இதற்கொரு துணைக்குழு. வண்டி நகரவில்லை, ஆகவே அது 'அறை' என்றது ஒரு தரப்பு. இஞ்சின் ஓடியது, ஆகவே 'வாகனம்' என்றது மறு தரப்பு. பேருந்தை நேரில் ஆய்வு செய்ய இரண்டு முறை போனார்கள், அதே பேருந்தில் ஏறி.

பேருந்துச் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போதவில்லை. இரண்டாம் வருடம் கேப்டனின் கார் போயிற்று. மூன்றாம் வருடம் மாடியை வாடகைக்கு விட்டார்கள். நான்காம் வருடம் கீழ்வீட்டையும் விட்டுவிட்டுக் கார் கொட்டகையில் குடியேறினார்கள். கார் இல்லாததால் இடம் தாராளம். தினமும் காலையில் கேப்டன் என்னைக் கேட்பார்.

"என்ன ஆச்சு மச்சான்?"

"பரிசீலனையில இருக்கு மாப்பிள்ளை."

"பரிசீலனையில இருக்கு," என்று அவரும் திருப்பிச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்.

அவருடைய அறுபத்தைந்தாம் பிறந்தநாள் அன்று குழு அறிக்கை தந்தது: 'சம்பந்தப்பட்டவர் பொது ஓய்வூதிய வயதை எட்டிவிட்டதால் பிரச்சினை எழவில்லை.' ஐந்து வருட இடைவெளியை, ஐந்து வருடம் உட்கார்ந்தே நிரப்பிய குழு உலகில் வேறொன்று இருக்க முடியாது. கைகுலுக்கிக்கொண்டோம். வயது வரம்பு முடிந்ததால் அன்று மாலையே கேப்டனைப் பேருந்திலிருந்தும் இறக்கினார்கள். கொட்டகை வாசலில் நின்ற தங்கை என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

குழு உறுப்பினர்களுக்கென்று, ஐம்பத்தைந்து வயதிலிருந்தே, ஒரு தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. அதை எங்கள் முதல் கூட்டத்தில், தேநீர் வருவதற்குள், நாங்கள் ஏழு பேரும் முழு விழிப்போடு நிறைவேற்றினோம்.