மூன்றாம் வளைவுக்குப் போகாத படகு

மரக்காணம்,
14-3-75.

அன்பு மிகுந்த அக்கா தையல்நாயகிக்கு, தம்பி தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், திரௌபதி, பெண்கள் இருவர் எல்லோரும் உடம்பில் ஒட்டிய சேறு தவிர மற்றபடி சுகம். பிலாயில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சேறில்லாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

மே மாதம் வரும்போது, அப்பா நம்மைப் பாய்ப்படகில் கூட்டிப்போய்க் காட்டிய உப்பங்கழியின் மூன்று வளைவுகளையும் உன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அந்த நாள் அப்படியே கண்ணில் வந்தது. முதல் வளைவில் தாழம்பூ வாசனை. இரண்டாவதில் பூநாரைக் கூட்டம். மூன்றாவதில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், அப்பா பாயைச் சுருட்டிவிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். நீ வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாமென்று போன ஞாயிறு அனுமந்தை ஊர்ப் படகுக்காரன் கலியபெருமாளின் படகைப் பேசி, காலை ஏழு மணிக்குக் குடும்பத்தோடு கிளம்பினேன்.

முதல் வளைவு நல்லபடியாகத்தான் போயிற்று. அதோட நிறுத்தியிருக்கணும். அப்பா பாய்க்கயிறு பிடிச்சு நின்ன மாதிரி நானும் ஒரு தடவை நிக்கணும்னு தோணிச்சு, கலியபெருமாள் கையிலிருந்து கயித்தை வாங்கிட்டேன். ரெண்டாவது வளைவு திரும்புறப்போ காத்து மாறுது, பாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்குது, சோத்துத் தூக்கு தண்ணியில விழுது, "ஐயா, கயித்த விடுங்க, விடுங்க"ன்னு அவன் கத்துறான், எனக்கும் விடணும்னுதான் ஆசை, கை விட மாட்டேங்குது! அதுக்குள்ள திரௌபதி பயந்து போட்ட கூச்சல்ல நாரையெல்லாம் பறந்து போச்சு, நான் நாரையைப் பாத்துக்கிட்டே படகைக் கொண்டுபோய் சேத்துத் திட்டுல ஏத்திட்டேன். "தண்ணி ஏறினாத்தான் நகரும்"னுட்டு கலியபெருமாள் துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுத்துட்டான். நாலு மணி நேரம், அக்கா. பட்டினி, வெயில். பொண்ணுங்க ரெண்டும் முழங்கால் சேத்துல. திரௌபதி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். நீ கட்டாயம் வா. ஆனால் படகு என்ற பேச்சே வேண்டாம். இரும்பை ஊர்க் கோயிலுக்கு பஸ்ஸில் போய்வரலாம். அப்பாவோடு போனது அப்பாவோடு போயிற்று.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, நனையாத தூரத்திலிருந்து என் ஆசிகள்.

உன் தம்பி,
தேசப்பன்.

பி.கு.: அண்ணி, நான் திரௌபதி எழுதுறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்துட்டு அவரு உப்பளத்துக்குப் போயிட்டாரு. படிச்சுட்டேன். கூச்சல் போட்டது நானில்ல. அவருதான், "அப்பா"ன்னு கத்தினாரு. நான் பேசாம இருந்தது கோவத்துல இல்ல, கேட்டுக்கிட்டு இருந்தேன். திட்டுல உக்காந்து நாலு மணி நேரமும் மாமனாரைப் பத்தியே சொன்னாரு. நீங்க தண்ணியில விழுந்ததும், மாமனாரு சட்டையோட குதிச்சுத் தூக்கினதும், வீட்ல சொல்லாதீங்கன்னு ரெண்டு பேருக்கும் கமர்கட்டு வாங்கிக் குடுத்ததும். கல்யாணமாகி பதினோரு வருஷத்துல அவரைப் பத்தி இவரு வாயைத் திறந்ததே அன்னிக்குத்தான். நான் பாக்காத மனுஷன், எங்க எதிர்ல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. "தாத்தா அப்புறம் என்ன பண்ணாரு?"ன்னு பொண்ணுங்க இன்னும் கேக்குதுங்க. மீதியை நீங்க வந்து சொல்லுங்க. மே மாசம் மூணு ஞாயித்துக்கிழமைக்குக் கலியபெருமாள்கிட்ட சொல்லி வச்சுட்டேன். இவருக்கு இன்னும் தெரியாது.