இடப்பக்கம் திரும்பாத ஸ்கூட்டர்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி மதுரைவீரன் அவர்களுக்கு,

கலையரசன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பிள்ளையும் மருமகளும் சௌக்கியம். உப்பிலியபுரத்தில் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடிபடவில்லை.

விஷயம் உங்கள் பெண் கனிஷ்காவைப் பற்றியது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப என்னால் முடியவில்லை. பிள்ளை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான். கத்தரிக்காய் வாங்கக்கூட இன்னொருத்தர் கையை எதிர்பார்த்து நிற்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. உங்கள் பெண்தான், "விடுங்க மாமா, இன்ஜினைக் கழட்டிட்டு பேட்டரி மோட்டார் வச்சுடலாம்" என்றாள். மோட்டாரோடு புதிதாக ஒரு கைப்பிடியும் வந்தது. அது வேண்டாம், என் கைக்குப் பழக்கம் பழைய முறுக்குதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வேறு யாராக இருந்தாலும் கிழவனுக்குக் கிறுக்கு என்றிருப்பார்கள். அவள் பழைய பிடியையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மறுமுனையில் சின்னதாக ஒரு பெட்டி செய்தாள். கேபிள் இழுத்தால் பெட்டிக்குள் ஒரு தகடு திரும்பும். அது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு மோட்டார் ஓடும். விட்டதும் தகடு பழைய இடத்துக்கு வர ஸ்பிரிங் வேண்டுமே, அதற்காகப் பாலக்கரையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். முறுக்கிப் பார்த்தேன். அதே கனம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சம்பந்தி.

"கேபிள் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும், அத மட்டும் தொடாதீங்க மாமா" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தாள். நேற்று சித்திரை வீதியில் காபி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தொளதொளவென்றுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக என்னால் முடியுமா, கேபிள் முனையில் இருக்கிற திருகை ரெண்டு சுற்று சுற்றி டைட் பண்ணிக்கொண்டு கிளம்பினேன். வண்டி ஜோராகப் போனது, எங்கள் சந்து வரைக்கும். சந்து இடப்பக்கம். ஹேண்டிலை ஒடித்ததும் கேபிள் தானாக இழுபட்டு வண்டி பாய்ந்தது. பதறிப்போய் நேராக்கினால் சாதுவாகிவிட்டது. வலப்பக்கம் திருப்பினால் ஒன்றுமே இல்லை. இறங்கித் தள்ளியிருக்கலாம், ஆனால் தெருவே பார்க்கிறதே. ஒரு சுற்று சுற்றி வந்து திரும்பிக்கொள்ளலாம் என்று போனேன், வந்தேன், பாய்ந்தது, மறுபடி போனேன். வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிக் கோயிலை வலம் வருவதாகவே ஆகிவிட்டது. வைகுண்ட ஏகாதசிக்குக்கூட வீட்டில் படுத்துக்கிடக்கிற ஆள் நான். முனையில் பூ விற்கிற சந்திரம்மாள், "என்னங்கய்யா, வேண்டுதலா? இன்னும் எத்தன சுத்து?" என்று கேட்டது. "மூணு" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகு சுற்றாமல் இருக்க முடியுமா.

மூன்றாவது சுற்றில் கனிஷ்கா சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினேன். ஒரு விரலால் கேபிளைத் தொட்டுப் பார்த்தாள், புரிந்துவிட்டது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவளோ, "வேண்டுதல் முடிஞ்சிடுச்சுக்கா" என்று சந்திரம்மாளிடம் சொல்லிவிட்டு, "பேட்டரி சூடாயிருக்கும், தள்ளிக்கிட்டே போயிடலாம் மாமா" என்றாள். பேட்டரி சூடாகவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்துதான் மெதுவாகச் சொன்னாள்: "இன்ஜினுக்குக் காது மந்தம் மாமா, லேசா இழுபட்டாக் கண்டுக்காது. மோட்டார் நூலளவுக்கே ஓடிடும். ஹேண்டில் திரும்புறதுக்குத்தான் அந்தத் தொளதொளப்பு விட்டேன்."

அப்பேர்ப்பட்ட பெண்ணின் வேலையைக் கெடுத்த இந்தக் கை இனி அந்தப் பிடியைத் தொடாது. ஆகவே அடுத்த வாரம் ஞாயிறன்று தாங்கள் மினி லாரியோடு வந்து ஸ்கூட்டரை எடுத்துப் போகவும். மோட்டார் தோட்டத்துக்காவது உதவும். நன்றாக யோசித்து எடுத்த முடிவு, மாற்றமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வீட்டுக் குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் பக்கம் நல்ல மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
கலையரசன்

பி.கு.: மினி லாரி வேண்டாம். காலையில் கனிஷ்கா கேபிளைத் தளர்த்தி, என் கைக்கு எட்டாதபடி திருகின் மேல் டேப்பைச் சுற்றிவிட்டு, "லெட்டரை நீங்களே போட்டுட்டு வந்துடுங்க மாமா" என்று சாவியை நீட்டினாள். இதைத் தபாலாபீஸ் வாசலில் நின்று எழுதுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து இங்கே வர இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும்.