யாரும் சாகாத கொலைப் படம்

ஒழுங்காகப் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். பலரும் செய்வதுதானே என்பீர்கள். நான் அதை மைக் பிடித்து, பெற்ற தாயை முன்வரிசையில் உட்காரவைத்துச் செய்தேன். அந்த வகையில் என்னை வெல்ல ஆளில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வெள்ளவத்தையில் என்னைவிடத் திகில் படங்களை அறிந்தவர் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். (வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த வேறு யாரும் திகில் படமே பார்ப்பதில்லை.) முகமூடிக்காரன் ஒருவன் வரும் பழைய ஆங்கிலப் படமொன்றை அந்த வருடம் மறுபடி எடுத்து வெளியிட்டிருந்தார்கள். உடனே நசீர் சேரிடமிருந்து போன் வந்தது. அவர் கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்புகள் நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் மாதமொருமுறை திரைப்பட வட்டம் நடத்துபவர். ஒரு வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கமும் அவர் கையில்தான் இருந்தது. இளையவள் யாராக இருந்தாலும் மகள் என்றுதான் அழைப்பார்.

"மகள், பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பேச ஏலுமா? நல்லா வந்தா வாராவாரம் ஒங்களுக்கு ஒரு பத்தி தாரன்."

சொந்தப் பெயரில் பத்தி! அதற்காக அந்த முகமூடிக்காரனையே நேரில் போய்ப் பேட்டி எடுத்திருப்பேன்.

"புதுசு நேத்துத்தான் பாத்தனான், சேர். பழசு எனக்குப் பாடம்," என்றேன்.

புதிய படத்தை விரலிடுக்கால் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் பழையது மனப்பாடம் என்பது பொய்யில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கனடாவிலிருந்து சித்தப்பா ஒரு பெட்டி நிறைய வீடியோக் கசற் அனுப்பினார். இந்தப் படமும் அதில் வந்தது. ஆங்கிலம் ஒரு சொல் விளங்காமலே பதினொரு தடவை பார்த்தேன். ஒரு பெரிய வீட்டில் ஆறு பிள்ளைகள். முகமூடிக்காரன் வருவான். விடிந்தால் ஒரு பிள்ளையைக் காணாது. மற்றவர்கள் பெயர் சொல்லித் தேடுவார்கள். மறுபடி வருவான், இன்னொரு பிள்ளையைக் காணாது. கடைசியில் ஒருத்தி மட்டும் தனியாக நின்று அழுவாள்.

எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கை வீடுகளிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மேல்வீட்டு ரமணி அக்கா வெள்ளிக்கிழமை இருப்பார், திங்கட்கிழமை இருக்கமாட்டார். கேட்டால் "கனடா போயிட்டா" என்பார்கள். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்காரன் அதிகம் பேசமாட்டான், அவன் முகத்தையும் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆகவே முகமூடிக்காரன் யார் என்பது எட்டு வயதிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. (ஏஜென்சிக்காரனுக்கு எதற்குக் கத்தி என்று ஒருநாளும் யோசித்ததில்லை.)

வளர்ந்ததும் ஏஜென்சிக்காரனை விட்டுவிட்டு, அந்த இடத்தில் 'இன்மையின் அழகியல்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு தடவை பார்த்த படத்தைத் திரும்பப் பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்றும் நினைத்தேன்.

அம்மா மீன்காரர் வரைக்கும் செய்தி சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார்: "என்ன படம் பிள்ளை அது?"

"அது உங்களுக்கு விளங்காது, அம்மா."

ஞாயிறு காலை பத்து மணி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டும் மயில்நீலக் காஞ்சிபுரச் சேலையில் இருந்தார். நான் தொடங்கினேன்.

"பழைய படத்தில் ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. ஒரு மரணமும் கிடையாது. மனிதர்கள் இல்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான். புதிய இயக்குநருக்கு அந்தத் துணிவு இல்லை. பழையவர் போகவிட்டவர்களை இவர் துரத்திப் பிடித்து வெட்டுகிறார். இது சினிமா இல்லை, இறைச்சிக்கடை!"

சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆழம் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நசீர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உருகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் குனிந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கைதட்டல் முடிந்ததும் நசீர் சேர் எழுந்தார். "மகள் செல்லுறது புது மாதிரி ஈக்குது. நானும் இந்தப் படத்தப் பல தரம் பாத்தவன். எதுக்கும் ஒருக்காப் போட்டுப் பாப்பமே."

போடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, மைக்குடன் திரைக்குப் பக்கத்திலேயே கம்பீரமாக நின்றேன்.

மஞ்சள் சட்டைப் பெண் வந்தாள். ஆறு பேரிலும் எனக்கு மிகப் பிடித்தவள். என் படத்தில் அவள் கதவைத் திறப்பாள், அவனைக் காண்பாள், பொழுது விடிந்துவிடும். பதினெட்டு வருடங்களாக நான் அவளைக் கனடாவில் நல்ல வேலையோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழவைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்தாள். கத்தி உயர்ந்தது. பொழுது விடியவில்லை.

"ஐயோ அம்மா! மஞ்சள் சட்டையை வெட்டுறான்!"

என் அலறலை மைக் தெருவரை கொண்டுபோனது. அடுத்த கணம் அம்மா பாய்ந்து வந்து திரைக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார்.

"பாக்காதை பிள்ளை! கண்ணை மூடு!"

காஞ்சிபுரத்தின் சரிகைக் கரையில் கத்தி இறங்கியது. நான், திரைப்பட விமர்சகி, முப்பது பேர் பார்த்திருக்கக் கண்ணை இறுக்கி மூடினேன்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். "அம்மாவுக்கு இந்தப் படம் தெரியுமா?" என்று நசீர் சேர் கேட்டார்.

"தெரியாமல்? நான்தானே வெட்டினனான்," என்றார் அம்மா, தலைப்பைச் சரிசெய்துகொண்டே. "கவரிலை ஒரு வீடும் சிரிக்கிற பிள்ளையளும். இவளின்ரை சித்தப்பா குடும்பப் படமெண்டு நினைச்சு அனுப்பிப்போட்டார். போட்டுப் பாத்தால் ஒரே வெட்டும் கொத்தும். வெளிநாட்டிலையிருந்து வந்த சாமானை எறிய மனம் வருமே? மேல்வீட்டிலை இன்னொரு வீடியோ டெக்கை இரவல் வாங்கி, மூண்டு நாள் இருந்து வேறை கசற்றிலை ஏத்தினனான். அவன் கத்தியைத் தூக்கேக்கை நிப்பாட்டுவன். விடிஞ்சாப்பிறகு திரும்பவும் ஏத்துவன்."

"ஏனம்மா முதலே சொல்லேல்லை?"

"நீதானே எனக்கு விளங்காதெண்டனீ."

சிரிப்பில் மேல்மாடி ஆடியது. காணாமல் போய்விடலாம் என்று நினைத்தேன், கூட்டிப்போக ஏஜென்சிக்காரன்தான் இல்லை. பத்தி கைவிட்டுப் போனது என்று நான் தலைகுனிந்து நிற்க, அம்மா மெதுவாகச் சொன்னார்:

"அந்தச் சண்டை நேரம் தெரியுந்தானே, சேர். விடிஞ்சால் ஒரு சாவுச் செய்தி. வெளியிலை நடக்கிறது போதாதெண்டு பிள்ளை பாக்கிற படத்திலையும் சாகவேணுமே?"

சிரிப்பு அடங்கியது. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமில்லை, என் அம்மாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"ரெண்டு படத்தப் பத்திப் பேசச் சொன்னேன்," என்றார் நசீர் சேர். "மகள் மூணாவது ஒன்டப் பத்திப் பேசிட்டீங்க. அந்தக் கசட் இன்னும் ஈக்கா?"

அது அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்தது. அடுத்த மாதம் அதைத்தான் திரையிட்டார்கள், அம்மாதான் பேசினார். எனக்குப் பத்தியும் கிடைத்தது. முதல் கட்டுரை அந்த மூன்று படங்களையும் ஒப்பிட்டது. பழையது நல்ல படம், புதியது சுமார், வெள்ளவத்தையில் வெட்டியதே சிறந்தது என்று எழுதினேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் யாரும் இறப்பதில்லை. கதாநாயகனின் அப்பா சூடுபட்டு விழுந்தால் என் மகள்கூட "கனடா போயிட்டார்" என்பாள். போன மாதம் சித்தப்பா கனடாவிலிருந்து வந்து எங்களோடு இருந்து படம் பார்த்தார். வில்லன் மலையிலிருந்து விழுந்தான். "கனடா போயிட்டார்!" என்று எல்லோரும் கத்தினோம்.

"நான் எத்தினை வருசமா அங்கை இருக்கிறன்," என்றார் சித்தப்பா. "ஒருத்தரும் வந்து சேரேல்லையே?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வருவினம் தம்பி. விசா கொஞ்சம் பிந்துது."