சுவர் தட்டிகள்

லண்டன் தமிழரில் சுவர் தட்டி என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. உங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்துபோயிருக்கும். பிறந்தநாளோ செத்தவீடோ, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, அழவேண்டியவரோடு அளவாக அழுது, தேநீர்க் கோப்பையோடு மெல்லச் சமையல் பக்கம் நகர்ந்து, குசினிச் சுவரில் விரல் மொளியால் இரண்டு தட்டுத் தட்டி, "அண்ணை, இந்தச் சுவர் வெறும் பலகைதான், இடிச்சு எடுக்கலாம்" என்று சொல்லும். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதற்கென்ன?

எட்மண்டன் சண்முகராசா அந்த இனத்தின் முழு வளர்ச்சி. ஒரு காலத்தில் ஒரே அறையில் ஏழு பேரோடு திரைச்சீலை கட்டிப் படுத்தவர். அவரைக் கட்டிக்கொண்டு வந்த கமலேஸ்வரி முதல் இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான். பிறகு விசா கிடைத்தது, கடை கிடைத்தது, வீடும் கிடைத்தது. வீட்டுக்குள் சுவர்கள் இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வரவேற்பறைச் சுவர் போனது. சாப்பாட்டறைச் சுவர் போனது. மிஞ்சியது குசினிச் சுவரும் அதன் கதவும்.

"இஞ்சாருங்கோ, எனக்குச் சாத்திறதுக்கு ஒரு கதவு வேணும்" என்றாள் கமலேஸ்வரி.

எதற்கு என்று கேட்டார். சாத்துவதற்குத்தான் என்றாள். இதெல்லாம் ஒரு காரணமா?

இடிக்க வந்த விதாஸ் லித்துவேனியாக்காரன். சம்மட்டியை ஊன்றிக்கொண்டு ஒரு கதை சொன்னான். சோவியத் உடைந்ததும் அவன் ஊரில் எல்லோரும், ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் சுவரை இடித்து, சீலிங் முழுக்க ஸ்பொட்லைற் பதித்து, அதற்கு 'ஐரோப்பிய ரிப்பேர்' என்று பெயரும் வைத்தார்களாம். அவர்கள் இருந்த அடுக்குமாடியில் முதலில் இடித்தவர் அவனுடைய அப்பா. அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தியவள், சாகும்வரை அங்கேயே சமைத்தாளாம்.

இவ்வளவு கதையிலும் சண்முகராசாவின் காதில் விழுந்தது ஒரே சொல். குசினிச் சுவரும் கதவோடு போனது. லண்டன் இருக்கும் நாடே வாக்குப் போட்டு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய பிறகு, அவருடைய குசினிக்குள் ஐரோப்பா வந்து சேர்ந்தது. ஈலிங் அம்மன் கோயில் அன்னதான வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அறிவித்தார்: "எங்கட வீடு இப்ப ஐரோப்பியன் ஃபினிஷ்."

அடுத்த சனிக்கிழமை, விளமீன் பொரித்த மணம் மறிப்பார் இல்லாமல் மாடியேறி அவருடைய கோட்டுக்குள் குடிபுகுந்தது. இனி இங்கே பொரிக்கக் கூடாது என்று அவரே சட்டம் போட்டார். கமலேஸ்வரி தோட்டத்து மரக்கொட்டிலில் புல்வெட்டி நின்ற இடத்தில் அடுப்பை வைத்தாள். கொட்டிலுக்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்குக் கொக்கியும் இருந்தது.

இப்போது பளிங்கு மேடையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் இருக்கிறது. பிழிவதற்கல்ல, பார்ப்பதற்கு. வீட்டுக்குள் தட்டுவதற்கோ ஒரு சுவரும் மிச்சமில்லை. மனிதர் என்னதான் செய்வார்? போன ஞாயிறு தோட்டத்தில் இறங்கி, கொட்டில் பலகையில் மொளியால் இரண்டு தட்டு.

"கமலா, இதை எடுத்துப்போட்டுக் கண்ணாடி வைச்சால்..."

உள்ளே கொக்கி விழுந்தது.

"ஆள் இருக்கு" என்றாள், கழிப்பறைக்குள்ளிருந்து சொல்லும் அதே குரலில்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்காத மற்றக் கை, சற்று நேரமாகப் பக்கத்துச் சுவரில் என்ன செய்துகொண்டிருக்கிறது?