பல்லைக் காட்டினால்தான் கதவு திறக்கும்

ஓசூரில் இத்தனை வருஷமாக எந்த ராட்சசனும் என்னைத் தின்னாமல் இருப்பதற்கு ஒரே காரணம் கேஜ் அண்ணன். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

சிங்காரப்பேட்டைக்காரர். உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை. கையில் எப்போதும் அளவு பார்க்கும் கேஜ் இருக்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவர், வேப்பனப்பள்ளி முனிராஜ், நான், மூன்று பேருக்கும் ஒரே அறை.

"ராட்சசன் எந்த உருவத்துலயும் வருவான்டா. ரூம்மேட்டைத் தின்னுட்டு ரூம்மேட்டாவே வருவான். ஆனா அவனால குறையோட மட்டும் வர முடியாது. குறையே இல்லாத பீஸ் வந்தா சந்தேகப்படணும்" என்பார்.

அதனால் ஷிப்ட் முடிந்து வரும் எங்களை, அவரவர் குறை அப்படியே இருக்கிறதா என்று கதவுச் சந்து வழியாகப் பரிசோதித்த பிறகுதான் உள்ளே விடுவார். முனிராஜுக்குக் குறை அவன் வாய்தான்; தெலுங்கில் அவர் வம்சத்தையே திட்டுவான். "ஓகே பீஸ்" என்று திறப்பார். எனக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். தினமும் சொந்த அறை வாசலில் நின்று பல்லை இளித்தேன். எதிர்வீட்டு அம்மா என்னைக் கண்டாலே ஜன்னலைச் சாத்துவார்.

இந்த லட்சணத்தில் என் வேலையை நிரந்தரமாக்க நேர்காணல் வந்தது. நாலு வருஷம் காண்டிராக்டில் கிடந்தவன் நான். நன்றாகத் தெரிய வேண்டுமே என்று காலையிலேயே போய் உடைந்த பல்லைச் சரிசெய்துகொண்டு, சர்டிபிகேட் எடுக்க அறைக்கு ஓடி வந்தேன். இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

"பல்லைக் காட்டு."

காட்டினேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"அண்ணே, டாக்டர்கிட்ட கட்டுனதுண்ணே!"

"எல்லா ராட்சசனும் இதைத்தான் சொல்லுவான்."

அம்மா பெயரைச் சொன்னேன், ஆதார் நம்பரைச் சொன்னேன். "அவனைத் தின்னவனுக்கு அதெல்லாம் தெரியாதா?" என்றார். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"சரி, பால் வாங்கியாரச் சொன்னேனே, எங்க?"

"ஐயோ, மறந்துட்டேண்ணே!"

தாழ்ப்பாள் திறந்தது. "ராட்சசனா இருந்தா ஞாபகமா வாங்கியாந்திருப்பான். நீ நம்ம பையன்தான்!" சர்டிபிகேட்டை என் கையில் திணித்து, தன் பைக்கிலேயே கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் பாலுக்காகத் திட்டினார்.

வேலை நிரந்தரமாயிற்று. இப்போது கம்பெனி வாசலில் மெஷினில் விரலை வைத்தால் போதும், என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

ஊரோடு போய்விட்ட கேஜ் அண்ணனைப் பார்க்கப் போன மாதம் சிங்காரப்பேட்டைக்குப் போனேன். கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னேன்.

"பால் வாங்கியாந்தியா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

கையிலிருந்த பால் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மறந்துட்டேண்ணே" என்றேன்.