கிணத்துத் தண்ணி பார்க்கப் போய் மாளிகை வாங்கின கதை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு கிணத்துத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு வரணும். அவ்வளவுதான்.

சயாஜிராவ் ரோட்டுல ஒரு பெரிய மாளிகை விலைக்கு வந்திருந்தது. அந்தக் காலத்துல ஆசை ஆசையாக் கட்டினது. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரோட்டுக்கு மேலேயே நீட்டிண்டிருக்கற பால்கனி. எங்க ஆபீஸ் எஜமானுக்கு அது மேல ஒரு கண்ணு. பணம் தயார். ஆனா அவரோட ஆத்துக்காரி படு மடி. குழாய்த் தண்ணியில சமைக்கவே மாட்டா. கிணத்துத் தண்ணி நன்னா இருந்தாத்தான் வீடு.

"விஜயதசமி அன்னிக்கு நான் ஊர்வலத்துல நடந்தாகணும் ஓய். நீர் போய்க் குடிச்சுப் பாரும். உப்பா, நல்ல தண்ணியா? அதை மட்டும் வந்து சொல்லும். அங்கே வேற எதுவும் பேச வேண்டாம்."

வேற எதுவும் பேச வேண்டாமாம். யார்கிட்ட சொல்றார் பாருங்கோ!

ஜம்பூ சவாரி, அதான் தசரா யானை ஊர்வலம், அந்த ரோட்டு வழியாத்தான் போகும். விஷயம் காதுல விழுந்ததுமே என் ஆத்துக்காரி கோமளம் பட்டுப் புடவையை எடுத்துட்டா.

"ஏன்னா, பத்து வருஷமா மண்டி மொஹல்லாவுலேர்ந்து நடந்து வந்து, முன்னால நிக்கறவா முதுகைத்தான் பார்த்துண்டிருக்கேன். இந்தத் தசராவுக்காவது யானையைக் காட்டுங்கோ."

நியாயம்தானே? கூட்டிண்டு போனேன்.

வாசல்ல வீட்டுக்காரரே நின்னுண்டிருந்தார். ரிடையர் ஆன ஐயங்கார், நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல கோபம்.

"காலம்பறலேர்ந்து நாப்பது பேர் வீடு பார்க்க வந்தாச்சு! அத்தனை பேருக்கும் பால்கனியைத்தான் முதல்ல பார்க்கணுமாம்! வாங்கறவா மட்டும் உள்ளே வாங்கோ. ஊர்வலம் பார்க்க வந்தவா ரோட்டுல நிக்கலாம்."

இந்த இடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும்? "எஜமான் அனுப்பினார், கிணறு எங்கே?"ன்னு கேட்டிருக்கணும். கோமளம் என் முகத்தைப் பார்த்தா. நான் தொண்டையைக் கனைச்சுண்டேன்.

"வாங்கத்தான் வந்திருக்கேன்"னேன்.

என் சம்பளத்துக்கு அந்த வாசக்கதவோட தாழ்ப்பாளை வாங்கலாம். அதுவும் தவணையில!

உள்ளே போனதும் எனக்கு எங்கேர்ந்துதான் அந்த மிடுக்கு வந்துதோ தெரியல. தூணைத் தட்டிப் பார்த்தேன். "தேக்கா?"

"பர்மா தேக்கு."

"ம். பரவாயில்ல."

சமையலறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். "கொஞ்சம் சின்னதா இருக்கே?" எங்க வீடு மொத்தமும் அதுக்குள்ள அடங்கிடும். கோமளம் இருமினா. நான் கண்டுக்கல.

"விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்"னு வீட்டுக்காரர் இழுத்தார்.

"சொன்ன விலை! பேரம் பேசறது எங்க வம்சத்துலேயே கிடையாது."

அவர் கண்ணு கலங்கிடுத்து. காலம்பறலேர்ந்து வந்த நாப்பது பேர்ல ஒருத்தர்கூட விலையைப் பத்திக் கேக்கலையாம். உடனே மாடிக்குக் கூட்டிண்டு போய்ப் பால்கனியில இருந்ததுலேயே பெரிய நாற்காலியில என்னை உக்கார வெச்சார். கையில வெள்ளி டம்ளர் நிறையப் பாதாம் பால்.

"தாகத்துக்குக் கிணத்துத் தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?"

"தண்ணியெல்லாம் எதுக்கு? இந்தப் பாதாம் பாலே இன்னொரு டம்ளர் இருந்தாப் போதும்"னேன்.

ஆமாம். நானேதான் சொன்னேன்!

ஊர்வலம் வந்துது. குதிரை, ஒட்டகம், பாண்டு வாத்தியம். கோமளத்துக்குச் சந்தோஷம் தாங்கல. அதுக்குப் பின்னால தர்பார் உடுப்புல அதிகாரிகள் வரிசையா நடந்து வந்தா. கறுப்புக் கோட்டு, ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகை, நடுவுல வேர்த்து வழிஞ்சுண்டு எங்க எஜமான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கால் மேல கால் போட்டுண்டு நான்!

பன்னெண்டு வருஷ குமாஸ்தா உடம்பு சும்மா இருக்குமா? துள்ளி எழுந்து சலாம் போட்டுட்டேன். டம்ளர் இருந்த கையாலேயே.

பாதாம் பால் நேரா அவர் தோள் மேல இறங்கித்து. பாவம், அவரால நிக்க முடியாது, துடைச்சுக்க முடியாது. பின்னால மகாராஜாவோட அம்பாரி வந்துண்டிருக்கு. பல்லைக் கடிச்சுண்டு நடந்தே போயிட்டார். என் வேலை போச்சுன்னே தீர்மானம் பண்ணிட்டேன். அப்புறம் யானை வந்துதாம். நான் பார்க்கல.

கீழே இறங்கி வந்தா, கொலு முன்னாடி வீட்டுக்காரர் வெள்ளித் தட்டோட நிக்கறார். வெத்தலை, பாக்கு, தேங்காய், பழம். கொலு வீட்டுக்கு வந்தவாளுக்குக் கொடுக்கறதுதானேன்னு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிண்டேன்.

"நாலு பேர் பார்க்கத் தாம்பூலம் மாத்தியாச்சு! பெருமாள் சாட்சியா இனிமே இந்தத் திருமாளிகை உங்களோடது!"

"என்னன்னா, வீடு வாங்கிட்டேளா?"ன்னு கோமளம் காதுல கேட்டா. எனக்கு அழுகை வந்துடும் போல இருந்தது.

உண்மையைச் சொல்லிடலாம்னு நான் வாயைத் திறக்கறேன், வாசல்ல எஜமான்! ஊர்வலம் முடிஞ்சு நேரா வந்திருக்கார். தோள்ல பால் கறை, அது மேல ரெண்டு ஈ.

"யார் இவர்?"னார் வீட்டுக்காரர்.

"அந்த ஆளோட எஜமான். நான்தான் இந்த வீட்டை வாங்கப் போறவன்."

"அது நடக்காது! இவருக்குத் தாம்பூலம் கொடுத்தாச்சு. என் வாக்கு வாக்குதான். வேணும்னா இவர்ட்ட கேட்டு வாங்கிக்கோங்கோ."

எஜமான் மெதுவா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை என் எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். பயத்துல மனுஷனுக்கு மூளை வேலை செய்யும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுண்டேன்.

"உங்க சார்பாத்தானே வாங்கினேன்! வேற யாராவது முந்திண்டுடுவாளோன்னு..." தட்டை அப்படியே அவர் கையில வெச்சேன்.

"எந்த விலைக்கு ஓய்?"

"சொன்ன விலைக்கே. பேரம் பேசல."

அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. தட்டு கையில இருக்கு, நாலு பேர் பார்த்துண்டிருக்கா. கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி எப்படி இருந்தது?"

கோமளம் தரையைப் பார்த்தா.

"கல்கண்டு!"ன்னேன்.

நல்ல நாள் பார்த்து எஜமான் குடி போனார். அன்னிக்குக் காலம்பற அவாத்து மாமி அடுப்புல ஏத்தின துவரம்பருப்பு, மத்தியானம் வரைக்கும் கூழாங்கல் மாதிரி உருண்டுண்டே இருந்ததாம். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் மோருஞ்சாதம்தான். மோரும் உப்பாம்.

அடுத்த வாரம் எனக்கு குண்டலுபேட்டைக்கு மாத்தல் உத்தரவு வந்துது.

இங்கே வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் காபி நீட்டினார். "காபி இருக்கட்டும். முதல்ல ஒரு டம்ளர் கிணத்துத் தண்ணி கொடுங்கோ"ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

உப்பு. ஊர்ல வேற வீடு இல்ல, அதுலதான் இருக்கோம்.