ஆர்டித்தின் குவாட் பைக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி

செயின்ட் ஆன்டனி, ஐடஹோ
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் லைல் அவர்களுக்கு வெர்லின் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா ஆர்டித்தும் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய ஹக்கிள்பெரி ஜாம் பாட்டில் உடையாமல் வந்தது. ரொட்டிக்காகக் காத்திராமல் அவளே கரண்டியால் தீர்த்துவிட்டாள்.

இனி விஷயம். தவறாக நினைக்க வேண்டாம். அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுத்த நான்கு சக்கர குவாட் பைக்கை வெள்ளிக்கிழமைக்குள் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட முடியுமா? சனிக்கிழமை மணல்மேட்டில் அறுபது வயது கடந்தவர்களுக்கான பந்தயம். அவள் பெயர் கொடுத்துவிட்டாள். போகாதே என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அந்த ஸ்டீயரிங்கை நம்பவும் தைரியமில்லை.

ஓட்டுவது அவள், பராமரிப்பது நான் என்பது எங்கள் ஏற்பாடு. மணலிலிருந்து திரும்பியதும் கழுவுவேன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவுவேன், செயினைப் பார்ப்பேன். பிறகு, செய்ததெல்லாம் சரிதானா என்று சந்தேகம் வந்து மறுபடி பார்ப்பேன். அப்படித்தான் சென்ற மாதம், ஹேண்டில் பார் போல்ட்டுகளை இறுக்கியபின், தபால்பெட்டி வரை நானே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்து, பக்கத்து வீட்டு கிளெட்டஸின் உருளைக்கிழங்கு வயலில் என்னை இறக்கியது. உடனே இரு முன்டயர்களிலும் காற்றைச் சமமாக்கினேன், முன்புறத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தேன், பால் ஜாயிண்டில் ஆட்டமில்லை, ஸ்டீயரிங் தண்டின் அடியில் கிரீஸ் வைத்தேன், மறுபடி ஓட்டினேன், மறுபடி உருளைக்கிழங்கு. சரி, அலைன்மென்ட்தான் என்று ஹேண்டிலை நேராகக் கயிற்றால் கட்டி, டயர்களின் ஓரமாக நூல் பிடித்து, முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளின் செக் நட்டுகளைத் தளர்த்தப் போனால், ஒரு முனையில் மரை தலைகீழ். புத்தகத்தில் படித்திருந்தும் என் கை அதை நம்பாமல் இறுக்கிக்கொண்டே போனது. ஒருவழியாகத் தளர்த்தி இரண்டு ராடுகளையும் கொஞ்சம் திருகி வைத்தேன், அம்பு மாதிரி நேராகப் போச்சு, சந்தோஷத்துல தொப்பியைக்கூடக் கழட்டிட்டேன். உடனே ஆர்டித் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள்.

"இப்ப வலப்பக்கம் இழுக்குதுங்க. போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே போச்சு, என்ன பண்ணி வச்சீங்க?"

பழைய அளவுக்கே மாற்றினேன். அவளுக்கு நேராகப் போனது, எனக்கு உருளைக்கிழங்கு. மறுபடி என் அளவுக்குத் திருகினேன். இப்போது அப்படியே நிற்கிறது. கிளெட்டஸ் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "வாத்தியாரே, அதுக்கு உங்களைப் பிடிக்கல போலிருக்கு. அடுத்த தடவை வர்றப்ப ஒரு மூட்டை எடுத்துட்டு வாங்க, கிழங்காவது தோண்டிக்கலாம்" என்றார்.

பள்ளியில் வடிவியல் கற்பித்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரே வண்டி ஒருவருக்கு நேராகவும் இன்னொருவருக்குக் கோணலாகவும் போவதற்கு அதில் இடமில்லை. இப்படிப்பட்ட வண்டியில் அவள் மணல்மேட்டின் உச்சியைத் தாண்டுவதை என்னால் கண்கொண்டு பார்க்க முடியாது. குளிர்காலத்தில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரியைச் சார்ஜ் போட்டீங்களா?" அப்படிக் கேட்க ஆளில்லாத வீட்டில் எனக்கு வேலையில்லை, லைல். இரவல் கேட்பதுபோல வந்து கொண்டுபோய்விடுங்கள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோருடைய மூட்டுகளிலும் கிரீஸ் வற்றாதிருக்கப் பிரார்த்திக்கும்,
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடைசியாக ஒருமுறை தபால்பெட்டி வரை ஓட்டினேன். ஆர்டித் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஆக்சிலேட்டரை அமுக்கக் கட்டைவிரல் மட்டும் போதுங்க. நீங்க பயத்துல வலது கைப்பிடியையே முன்னால தள்ளுறீங்க. தள்ளுனா இடப்பக்கம் திரும்பாம என்ன செய்யும்? உங்க பயத்துக்குத் தோதா வண்டியைக் கோணலாக்கி வச்சிருக்கீங்க."

விரலால் மட்டும் அமுக்கிப் பார்த்தேன். வலப்பக்கம் போனது. எனவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், ட்ரெய்லர் வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் வரத்தான் வேண்டும். அலைன்மென்ட்டைத் திரும்பச் சரியாக வைக்கும்போது ஓட்டுபவரின் எடைக்கு யாராவது சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளை உட்காரவைத்தால், நான் நூலைப் பிரிப்பதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.